ஞாயிற்றுக்கிழமை அடைப்பு

அத்தியாயம் 17

தமிழ்ச்செல்வி தன் மருமகளோடு பேச்சை நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள்.

வாரம் தவறாமல் படிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குளியலறைத் தரையில் இரத்தத்தைப் பார்த்துவிட்டாள் ரோகிணி. "யார்கிட்டயும் சொல்லிறாத" என்று மாமியார் கையைப் பிடித்துக் கெஞ்சியும், அன்று சாயங்காலமே மாமனாரிடம் சொல்லிவிட்டாள். சிவக்குமார் மனைவியை அதட்டி உருட்டி டாக்டரிடம் கூட்டிப்போனார். "ரெண்டே வாட்டிதான் டாக்டர் போச்சு, அதுவும் இப்பத்தான்" என்றாள் தமிழ்ச்செல்வி. டாக்டர் கேட்டுக்கொண்டார். மூலமாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடுவோம் என்று தேதி கொடுத்தார்.

முதலில் கொடுத்தது வியாழக்கிழமை. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு துக்க வீடு என்று சொல்லி அதைத் தட்டிக்கழித்தாள். செத்துப்போனவர் அவளுக்கு என்ன உறவு என்று இந்த நிமிடம் வரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாவது தேதி திங்கட்கிழமை காலை எட்டு மணி. அதாவது நாளைக்கு.

அதற்கு முந்தின நாளில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பகல் முழுவதும் கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர். சாயங்காலம் நாலு மணிக்கு வயிற்றைச் சுத்தம் செய்கிற மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்துத் தடவையாவது போகும். கடைசியில் வெறும் தண்ணீராகப் போனால்தான் உள்ளே கேமராவுக்குக் கண் தெரியும். இல்லையென்றால் இன்னொரு தேதி.

இன்னொரு தேதி என்றால் தமிழ்ச்செல்வி விஷயத்தில் என்ன அர்த்தம் என்று சிவக்குமாருக்குத் தெரியும். பத்து நாளில் அவளுக்கு இன்னொரு துக்க வீடு கிடைத்துவிடும்.

இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் காலை ஏழு மணிக்கு அந்த வீட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டது.

ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார் சிவக்குமார். அது கீழே போவதற்குப் பதிலாகக் கோப்பையின் விளிம்பு வரை ஏறி வந்து, அவர் காலைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்து நின்றது. மகன் சூரியபிரகாஷின் அறைக்குள்ளே இன்னொரு கழிப்பறை உண்டு. மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். ரோகிணி பி.எட். முடிக்கிற வரை இங்கே இருக்கிறாள். அதிலும் ஊற்றிப் பார்த்தார். அதுவும் நின்றது. இரண்டுக்கும் குழாய் ஒன்றுதான்.

கூடத்துக்கு வந்தார். தமிழ்ச்செல்வி கஞ்சித் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அடைச்சுக்கிருச்சு" என்றார்.

"அப்படியா" என்றாள் அவள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனதைச் சிவக்குமார் பார்த்தார். முப்பது வருடம் கூட இருந்தவருக்கு அது கூடவா தெரியாது. அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

சிவக்குமார் முப்பத்தோரு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். மேலூர் வண்டியில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே ஏற்றிப் பழகிய குரல் அவருடையது. அந்தக் குரலிலேயே அடைப்பு எடுக்கிற காளைக்குப் போன் போட்டார்.

"ஏப்பா காளை, கோச்சடையிலருந்து சிவக்குமார் பேசுறேன். பாத்ரூம் அடைச்சுக்கிருச்சு. செத்த வந்துட்டுப் போயேன்."

"அண்ணே, நான் உசிலம்பட்டில காதுகுத்துல இருக்கேண்ணே. அக்கா மகளுக்கு. நான்தான் தாய்மாமன், என் மடியிலதான் உக்கார வச்சிருக்காங்க."

பின்னால் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது.

"முடிச்சுட்டு மத்தியானத்துக்கு மேல வா."

"வந்தாலும் கைய விட்டு எடுக்குற வேலை இப்ப நாங்க பாக்குறதில்லண்ணே. மிஷின் வண்டிதான். அது நாளைக்குப் பத்து மணிக்கு மேலதான் கிடைக்கும்."

"நாளைக்கு வந்து என்னத்துக்கு ஆகும். எம்புட்டு வேணும்னு சொல்லு, தர்றேன்."

"அதுக்கில்லண்ணே." காளை குரலைத் தாழ்த்தினான். "எங்கப்பா டேங்குக்குள்ள எறங்கித்தான செத்தாரு. உங்களுக்குத் தெரியுமேண்ணே."

சிவக்குமாருக்குத் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். தெரிந்தேதான் கேட்டார். போனைக் காதில் வைத்தபடி நின்றார்.

காளையே பேசினான். "நீங்களே செஞ்சிரலாம்ணே, வீட்டுச் சாமானை வச்சே. பாத்திரம் வெளக்குற சோப்புத் தண்ணிய ஊத்தி அரைமணி நேரம் ஊற விடுங்க. அப்புறம் சுடுதண்ணி. கொதிக்கக் கொதிக்க ஊத்திராதீங்க, பீங்கான் விரிசல் விட்டுரும். கை பொறுக்குறதுக்குக் கொஞ்சம் மேல சூடு இருந்தாப் போதும். இடுப்பு உசரத்துலருந்து ஒரே மூச்சா ஊத்தணும். அதுக்கும் போகலைன்னா ரெண்டு லிட்டர் பாட்டில அடிப்பக்கம் அறுத்து, குச்சியில மாட்டிக் குத்தி இழுங்க. குத்துறது பெருசில்லண்ணே. இழுக்குறதுதான் வேலை."

குழந்தை வீறிடுகிற சத்தம் கேட்டது. காது குத்திவிட்டார்கள் போலிருக்கிறது. போன் அணைந்தது.

ரோகிணி ஏற்கெனவே அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தாள். யாரும் சொல்லாமல் வேலை செய்கிற பெண் அவள். இந்த வீட்டில் அதுவே ஒரு குற்றமாகிப் போயிருந்தது.

சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். அரைமணி நேரம் காத்திருந்தார்கள். சுடுதண்ணீரை இடுப்பு உயரத்திலிருந்து ஒரே மூச்சாக ஊற்றினார் சிவக்குமார். முக்கால்வாசி அவர் வேட்டியில் திரும்பி வந்தது. மீதி நுரையோடு கோப்பையில் நின்றது.

மறுபடி ஊற்றினார். அதேதான்.

"ஆப்பசோடாவும் எலுமிச்சையும் போட்டா நுரை பொங்கித் தள்ளிரும்னு போன்ல போட்டிருக்காங்க மாமா" என்றாள் ரோகிணி.

கூடத்திலிருந்து தமிழ்ச்செல்வியின் குரல் வந்தது. "ஏங்க, அவகிட்டச் சொல்லுங்க. எலுமிச்சம்பழம் ஊறுகாய்க்கு வாங்கி வச்சது."

ரோகிணி நாலு அடி தள்ளித்தான் நின்றாள். "பதினஞ்சு பழம் இருக்கு, அஞ்சுதான் எடுக்குறேன்னு சொல்லுங்க மாமா."

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன கண்டக்டர் வேலையா பாக்குறேன்" என்றார் சிவக்குமார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்காகவும் அவர் சொல்லவில்லை.

நுரை பொங்கியது உண்மை. பொங்கி, அடங்கி, எலுமிச்சை வாசத்தோடு அப்படியே நின்றது.

அடுத்தது பாட்டில். வீட்டில் இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. மருந்தைக் கலப்பதற்காக ரோகிணி வெந்நீரில் கழுவிச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்திருந்தாள். சிவக்குமார் யாரையும் கேட்கவில்லை. அரிவாள்மணையில் வைத்து அடியை அறுத்தார். ஒட்டடைக் கம்பில் மாட்டினார். குத்தினார், இழுத்தார், குத்தினார், இழுத்தார். அரைமணி நேரம். அறுபதைத் தாண்டிய அந்தத் தோள் அதற்குமேல் தாங்கவில்லை. தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியது. அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது.

மணி பன்னிரண்டு.

"எதுத்த வீட்டு மலையம்மா அக்கா வீட்டுல ரெண்டு பாத்ரூம் இருக்கு மாமா. நான் போய்க் கேக்கட்டா?"

"அவளச் சும்மா இருக்கச் சொல்லுங்க" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "பத்து வாட்டி ரோட்டத் தாண்டி ஓடுறதா நானு. தெரு முழுக்க என்னன்னு கேக்கும். ஒருத்தி தெரிஞ்சுக்கிட்டது பத்தாதா."

ரோகிணி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சிவக்குமார் வாசலில் வந்து நின்றார். அவர் நின்ற இடம்தான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம் என்று அவருக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டும்போது, செப்டிக் டேங்க் வடமேற்கு மூலையில்தான் வர வேண்டும் என்றார் வாஸ்துக்காரர். கழிப்பறையோ பின்பக்கம் எதிர் மூலையில். "அண்ணே, இம்புட்டுத் தூரம் கொண்டுபோனா வாட்டம் கிடைக்காது, தண்ணி தானா ஓடாது" என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார். சிவக்குமார் கேட்கவில்லை. வீட்டைச் சுற்றி வளைந்து வளைந்து குழாய் போயிற்று. வழியில் அடைத்தால் திறந்து பார்ப்பதற்காக வாசலில் ஒரு சேம்பர் கட்டி மூடி போட்டார் கொத்தனார்.

அந்த மூடியாவது இருந்திருக்கலாம். சூரியபிரகாஷ் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், சம்பந்தி விருமாண்டி மேலூரிலிருந்து வாசல் முழுக்கப் பதிக்கக் கருப்பு கிரானைட் அனுப்பினார். பாலீஷ் பட்டறையில் வேலை பார்க்கிறவர். சீரோடு சீராகத் தன் கையால் இழைத்துக் கொடுத்த கல். "சேம்பர் மூடிக்கு மட்டும் தனியா விட்டுரவாண்ணே?" என்று கல் பதிக்கிறவர் கேட்டார். "மாப்பிள்ளை வீட்டு வாசல்ல சாக்கடை மூடி தெரியணுமாக்கும், சேர்த்து மூடுப்பா" என்றார் நம்முடைய சிவக்குமார். முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக மூடிவிட்டார்கள்.

இப்போது அந்தக் கல்லில் அவருடைய முகம்தான் தெரிந்தது.

"உடைச்சிருங்க மாமா" என்றாள் ரோகிணி. பின்னாலேயே வந்து நின்றிருக்கிறாள். "கல்லுத்தான. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவரு ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

சிவக்குமார் அவளைப் பார்த்தார். பின்பக்கம் போய்க் கடப்பாறையை எடுத்து வந்தார். மூடி எந்த இடத்தில் என்று காலால் அளந்தார். ஓங்கினார்.

"உடைக்கக் கூடாது."

தமிழ்ச்செல்வி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்த உடம்பு.

"ஏன்?" என்றார் சிவக்குமார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ரோகிணியைப் பார்த்தாள்.

"உங்கப்பா கையால இழைச்சுக் குடுத்த கல்லு. அவரு மக வாழ வந்த வாசலு. என் உசுரு இருக்க மட்டும் அது மேல கடப்பாறை படக் கூடாது."

ரோகிணிக்கு அழுகை பொங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். ஒன்பது நாளாக இந்த வீட்டில் தனக்கு ஒரு வார்த்தை கிடைக்காதா என்று ஏங்கிய பெண். கிடைத்த வார்த்தை அப்பாவைப் பற்றியதாக இருந்தால் எந்தப் பெண்தான் தாங்குவாள்.

சிவக்குமார் அழவில்லை. கடப்பாறையைக் கீழே வைத்துவிட்டு மனைவியைக் கூடத்துக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார்.

"கல்லு மேல உனக்கு எம்புட்டுப் பாசம்னு எனக்குத் தெரியும் செல்வி. இப்படியே அடைச்சுக் கிடக்கணும். நாளைக்குப் போக வேணாம். அதானே?"

"பாத்ரூம் இல்லாம அந்த மருந்தக் குடிச்சுட்டு நான் எங்க போவேன். அடுத்த வாரம் பாத்துக்கிருவோம்."

"அடுத்த வாரம் எவன் சாகப் போறான்?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்கக்கா சோலையம்மா இந்த டெஸ்ட்டுக்கு நடந்துதான் போனா. தலைக்குப் பூ வச்சுக்கிட்டுப் போனா. உள்ள சதைய வெட்டி எடுத்துப் பாத்தாங்க. அதுலருந்து பரவுச்சு. நாலே மாசம். எடுக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா."

"அவ நேரங்கழிச்சுப் போனா. வருசக்கணக்கா ரத்தம் போறத மறச்சு வச்சுட்டுப் போனா. உனக்கு ரெண்டே வாட்டிதான போயிருக்கு. ஆரம்பத்துலயே பாத்துட்டா ஒண்ணும் பயமில்லைன்னு டாக்டர் சொன்னத நீயும் கேட்டதான?"

தமிழ்ச்செல்வி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"கேட்டதானே?"

"கேட்டேன்."

"அப்புறம் என்ன."

அவர் எழுந்து போனார். அந்த "ரெண்டே வாட்டி"யைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது நாளாக அவர் தூங்குகிறார், சாப்பிடுகிறார். அதை விட்டால் அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

மூன்றரை மணிக்கு ரோகிணி மருந்துப் பொடியைச் சில்வர் தூக்குவாளியில் கலக்கினாள். பாட்டில்தான் பலியாகிவிட்டதே. இருநூறு மில்லி டம்ளரால் பத்து டம்ளர் என்று அளந்து வைத்தாள். கூடத்து மேசையில் மாமியாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

நாலு மணி ஆனது. தமிழ்ச்செல்வி தொடவில்லை.

கழிப்பறைப் பக்கம் சத்தமே இல்லை. குத்துகிற சத்தமும் இல்லை, திட்டுகிற சத்தமும் இல்லை. தமிழ்ச்செல்விக்கு என்னவோ போலிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள்.

சிவக்குமார் சட்டையைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் மண்டி போட்டிருந்தார். வலது கையில் முழங்கை வரை ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையை மாட்டி, பழைய அரைஞாண் கயிற்றால் கட்டியிருந்தார். அந்தக் கை கோப்பைக்குள் இருந்தது. முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பை எங்கேயோ ஓட்டை போலிருக்கிறது. உள்ளே தண்ணீர் ஏறி வளையம் போல நின்றது.

தான் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்காத மனிதர். கழிப்பறையில் கையை விடுவதற்கென்று ஆட்கள் பிறந்திருப்பதாகவே நினைத்து அறுபது வயதைத் தாண்டியவர்.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. அவர் அசையவில்லை. மறுபடி சொன்னாள். "எந்திரிங்க. உங்களுக்கு என்ன தலையெழுத்தா?"

"மணி நாலாச்சு. நீ மருந்தக் குடி."

"நீங்க கைய எடுங்க மொதல்ல."

"நீ குடி, நான் எடுக்குறேன்."

"சத்தியமா?"

"குடிச்சாத்தான்."

அவள் கூடத்துக்கு ஓடினாள். ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த உடம்பால் முடிந்த ஓட்டம். முதல் டம்ளரைக் கழிப்பறை வாசலுக்கே எடுத்து வந்து அவர் கண் முன்னால் குடித்தாள். உப்பும் புளிப்புமாகக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினாள். அடுத்த டம்ளர். அதற்கடுத்தது. இத்தனை நாள் எதற்குத் தப்பித்து ஓடினாளோ அந்த மருந்தை, அவர் அந்தக் கையை எடுக்க வேண்டும் என்பதற்காக மளமளவென்று உள்ளே தள்ளினாள். டம்ளருக்கு டம்ளர் அவர் முகத்தைப் பார்த்தாள்.

நாலாவது டம்ளரில் சிவக்குமார் கையை வெளியே எடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

"உள்ள என்னமோ மெத்துனு படுது" என்றார். "எட்ட மாட்டேங்குது."

"போதும். விடுங்க. போய்க் குளிங்க."

"போதுமாவது. மருந்து உள்ள போயிருச்சு. இனி நின்னா எப்படி?"

அவர் எழுந்து பின்பக்கம் போனார். துணி காயப்போடும் கம்பியை அவிழ்த்து, ஆறடி அளந்து வெட்டி, கட்டிங் பிளேயரால் நுனியைத் தூண்டில் மாதிரி வளைத்தார். தமிழ்ச்செல்வி அந்தக் கொக்கியைப் பார்த்தாள். கூடத்துக்குப் போய், அடுத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

கம்பி வளைவைத் தாண்டி உள்ளே போயிற்று. சிவக்குமார் அதைச் சுற்றினார். மெத்தென்று எதுவோ மாட்டியது. இழுத்தார். வர மறுத்தது. சுவரில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். வந்தது.

துணி.

தரை துடைக்கிற துணி என்றுதான் முதலில் நினைத்தார். ரோகிணி ஒரு வாளியை நகர்த்தி வைத்தாள். மறுபடி கம்பியை விட்டார். இன்னொரு துணி. மறுபடி ஒன்று. நாலாவதை வாளியில் போடும்போதுதான் அதன் ஓரத்தில் நீலக்கரை இருப்பதைப் பார்த்தார். அவருடைய வேட்டிக் கரை. குழாயைத் திறந்து அதன் மேல் தண்ணீரை விட்டார். அழுக்குப் போயிற்று. நடுவில் பழுப்பும் கருஞ்சிவப்புமாக இருந்தது போகவில்லை.

மடித்துத் தைத்திருந்த துணி. ஒரு கையகலம், ஒரே அளவு, ஒரே மாதிரி மடிப்பு. அந்தத் தையலை அவருக்குத் தெரியும். அவர் சட்டைப் பொத்தான்களையெல்லாம் முப்பது வருடமாகத் தைத்த தையல்.

அவர் ரோகிணியைப் பார்த்தார்.

"என்னுது இல்ல மாமா" என்றாள் அவள், மிக மெல்லிய குரலில். "நான் துணி வைக்கிறதில்ல."

"தெரியும்மா."

வாசல் கல்லை உடைக்கக் கூடாது என்று மாமியார் ஏன் சொன்னாள் என்பது ரோகிணிக்கு அப்போது புரிந்தது. அந்தக் கல்லுக்குக் கீழே என்ன வந்து நிற்கும் என்று மாமியாருக்கு மட்டும்தானே தெரியும். மத்தியானம் நின்று அழுத அழுகையை நினைத்து ரோகிணிக்கு வெட்கமாக இருந்தது. வலித்தது என்றும் சொல்லலாம். வாளியைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தாள்.

சிவக்குமார் ஒவ்வொன்றாக எடுத்தார். அவர் வேட்டி. தலையணை உறை. சூரியபிரகாஷ் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் ஆள் எண்ணுகிற பழக்கம், வாய் தானாக எண்ணியது. ரெண்டு வாட்டி என்றாளே, ரெண்டு வாட்டி என்றாளே என்று மனசு ஒருபக்கம் புலம்ப, வாய் ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்தது. பதினொன்றோடு கம்பியில் எதுவும் மாட்டவில்லை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். தயங்கி, மெதுவாக, கடகடவென்று சத்தம் போட்டுக் கீழே இறங்கியது.

காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்காகத்தான் மாமனாரும் மருமகளும் காத்திருந்தார்கள். ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

அவர் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடி கழுவினார். ரோகிணி துண்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் வாங்காமல் ஈரக் கையோடு கூடத்துக்குப் போனார்.

தூக்குவாளி காலியாக இருந்தது. பத்து டம்ளரையும் குடித்து முடித்திருந்தாள்.

அவர் தரையில் அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்பருந்து?"

"கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்தோம்ல. அந்த மாசம்."

பதினாலு மாதம். சிவக்குமாருக்குக் கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை.

"ஏன் செல்வி சொல்லல?"

"கல்யாணத்த வச்சுக்கிட்டு என்னன்னு சொல்றது. மண்டபத்துக்கு முன்பணம் குடுத்தாச்சு. முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் புது மருமக வந்துட்டா. அதுவரைக்கும் பின்னாடி போட்டுக் கொளுத்துவேன், அவ இருக்கையில கொளுத்த முடியல. குப்பைக்கார அம்மா மக்குறது மக்காததுன்னு தெருவுல வச்சுப் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குது. கடையில போய்ப் பொம்பளப் பிள்ளைக வைக்கிறத அம்பத்தஞ்சு வயசுல நான் எப்படிக் கேக்குறது. வேற எங்க போட." அவள் மூச்சு வாங்கினாள். "தண்ணியோட போயிரும்னு நினைச்சேன்."

"டாக்டர்கிட்டயும் பொய் சொன்ன."

"உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே எப்படிங்க உண்மையச் சொல்றது."

சோலையம்மாளைப் பற்றி மத்தியானம் தானே சொன்னதெல்லாம் இப்போது அவர் காதிலேயே திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமில்லாமல் அழுதார். பேருந்து முழுக்கக் கேட்ட குரல் அப்போது எங்கே போயிற்றோ.

ரோகிணி கதவோரம் நின்றாள். அவளைப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

தமிழ்ச்செல்வி அவர் தலையில் கையை வைத்தாள். பிறகு அவள் முகம் சுருங்கியது. அடிவயிற்றில் ஏதோ புரளுகிற சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"எத்தனை வந்துச்சு?" என்றாள்.

"என்ன?"

"துணி. எத்தனை எடுத்தீங்க?"

"பதினொண்ணு. தண்ணி எறங்கிருச்சு. இனி பயமில்ல."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள்.

"இருபத்தி மூணு போட்டேங்க" என்றாள்.